கடல் கடந்து வந்த பிடில்

கர்நாடக சங்கீதக் கச்சேரியொன்றை வானொலியிற் கேட்பவர் செவியில், பாடகரின் குரல் ஓயும் ஒவ்வோரிடத்திலும் இன்னொரு குரல் வந்து சேர்கின்றது. பாடகர் இராகத்தின் ஒரு பகுதியை ஆலாபித்து நிறுத்துகின்றார்; நிறுத்திய இடத்திலிருந்து வயலினின் வில்லோசை அதனை எடுத்துத் தொடர்கின்றது. இவ்வோசை நமது செவிக்கு வெகுவாகப் பழகிவிட்டது. அஃது ஓர் அயல்நாட்டுக் கருவியின் ஓசை என்ற நினைவு பெரும்பாலார்க்கு எழுவதேயில்லை. ஆயினும் வயலின் கர்நாடக சங்கீதத்துட் புகுந்து இருநூறு ஆண்டுகளுக்குச் சற்று மேலாகின்றது, அவ்வளவே. மக்கள் வழக்கில் நெடுங்காலம் நின்ற ‘பிடில்’ என்னும் பெயரே அது வந்த வழியைக் காட்டிக்கொடுத்துவிடும்.

வயலினுக்குத் தாயகம் இலங்கையே என்று பெருமை பேசுவோரும் உளர். இராவணன் பெயரால் வழங்கும் இராவணஹத்தா என்னும் வில்வாத்தியம் இராஜஸ்தான் நாட்டுப்பாடகர் கையில் இன்றும் இருக்கின்றது. அதுவே மேற்கே சென்று வயலினாக உருமாறிற்று என்பது அவர்கள் கூற்று. வில்லால் இழைத்து வாசிக்கும் கருவிகள் பாரத நாட்டிற் பழையன என்பது உண்மையே; வடநாட்டுச் சாரங்கியும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. ஆனால், கர்நாடக சங்கீதம் கையேற்ற வயலின் பதினாறாம் நூற்றாண்டில் வட இத்தாலியில் உருப்பெற்று, கிரெமோனா நகரத்துக் கைவினைஞரால் செப்பமுற்று, ஐரோப்பியரின் கப்பல்களிலே சென்னைக்கு வந்திறங்கிய கருவியாகும். இராவணேசுவரனுக்குத் தலைகள் பத்து உண்டெனினும், இதனையும் அவற்றின்மேல் ஏற்றிவைக்க வேண்டுவதில்லை.

சென்னைக்கு வடக்கே மணலி என்றோர் ஊர் இருக்கின்றது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவ்வூரிற் செல்வாக்குடன் வாழ்ந்தவர் முத்துக்கிருஷ்ண முதலியார். அவர் கிழக்கிந்தியக் கம்பனியின் துபாஷ். அதாவது ஆங்கிலேயருக்கும் உள்நாட்டாருக்கும் இடையில் நின்று மொழிபெயர்த்தும் கொடுக்கல் வாங்கல்களை நடத்தியும் வந்தவர். சங்கீதத்தில் மிகுந்த ஈடுபாடுடைய அவர், திருவாரூர் இராமசாமி தீட்சிதரை மணலிக்கு வரவழைத்து ஆதரித்தார். தீட்சிதருடன் அவருடைய புதல்வர்களும் வந்தனர். அவர்களுள் மூத்தவரே பின்னாளில் சங்கீத மும்மூர்த்திகளுள் ஒருவராகப் போற்றப்பெற்ற முத்துசாமி தீட்சிதர். இளையவர் பாலுசாமி தீட்சிதர். 1786 இற் பிறந்து 1859 வரை வாழ்ந்தவர்.

முதலியாருக்குப் பின் அவர் மகன் சின்னையா முதலியாரும் அக்குடும்பத்தைத் தாங்கினார். சென்னைக் கோட்டையிலே கம்பனிப் படையினரின் பாண்டு வாத்தியம் முழங்கும். அதனைக் கேட்கும் வாய்ப்புத் தீட்சிதர் குடும்பத்தாருக்குக் கிட்டிற்று. அவ்விசையில் இளையவராகிய பாலுசாமியின் மனத்தைக் கவர்ந்தது வயலின். சின்னையா முதலியார் ஓர் ஐரோப்பியரை ஆசிரியராக அமர்த்த, பாலுசாமி மூன்றாண்டுகள் அவரிடம் வயலின் பயின்றார். பாலுசாமியின் பேரனும் சுவீகார புத்திரருமாகிய சுப்பராம தீட்சிதர், 1904 இல் எட்டயபுரத்தில் வெளிவந்த ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்னும் பெருநூலிலே தம் குலத்தின் வரலாற்றைப் பதிந்து வைத்தார். இச்செய்திகள் அவ்வழியாகவே கிடைத்தன.

சகோதரர் இருவரும் கேட்டது ஒரே சங்கீதந்தான். ஆனால் அதிலிருந்து இருவரும் எடுத்துக்கொண்டவை வேறு. முத்துசாமி தீட்சிதர் மெட்டுகளை எடுத்துக்கொண்டார். பாண்டு வாத்தியக்காரர் வாசித்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் தெய்வத் துதிகளை அமைத்தார். ‘நோட்டுஸ்வர சாகித்தியங்கள்’ எனப்படும் இவை நாற்பதளவில் உள்ளன. இங்கிலாந்தின் தேசிய கீத மெட்டில் அமைந்ததும் அவற்றுள் ஒன்று. எல்லாம் சங்கராபரண சுரங்களில் அடங்குவன. சுரங்கள் அசைவின்றி நேராக நிற்பன. குழந்தைகளுக்குக் கற்பிக்க இனியவை. எனினும் தீட்சிதரின் பெரிய கிருதிகளோடு அவற்றை எவரும் ஒருங்குவைத்து எண்ணுவதில்லை, எண்ண வேண்டுவதுமில்லை. தம்பியோ மெட்டுகளை விட்டுவிட்டுக் கருவியை எடுத்துக்கொண்டார். அக்கருவியிலே தமையனாரின் கிருதிகளை வாசிக்க முயன்றார். அம்முயற்சியின் விளைவுதான் இன்றும் ஒவ்வொரு கச்சேரியிலும் கேட்கின்றது.

பின்னர் பாலுசாமி எட்டயபுரம் அரசவையிலே வித்துவானாக அமர்ந்தார். முத்துசாமி தீட்சிதர் 1835 இல் மறைந்ததும் அவ்வூரிலேயே. இதே காலத்தில் இன்னொரு வழியாகவும் வயலின் பரவிற்று. தஞ்சை நால்வர் எனப் புகழ்பெற்ற சகோதரர்களுள் இளையவரான வடிவேலு, முத்துசாமி தீட்சிதரின் மாணவர், வயலினில் வல்லவர். அவர் திருவிதாங்கூர் சென்று, தாமும் பெரிய சாகித்திய கர்த்தாவாகிய சுவாதித் திருநாள் மகாராஜாவின் அவையை அலங்கரித்தார். 1834 இல் மகாராஜா அவருக்குத் தந்தத்தால் இழைத்த வயலின் ஒன்றைப் பரிசளித்தார். முதன்மை பாலுசாமிக்கா, வடிவேலுவுக்கா என்று வாதிடுவோர் உண்டு. காலத்தால் மூத்தவர் பாலுசாமி. கருவிக்கு அரசவை மதிப்பைப் பெற்றுக்கொடுத்ததில் வடிவேலுவின் பங்கு சிறிதன்று. வழக்கை அவ்வளவில் நிறுத்திக்கொள்ளலாம்.

இனி, இக்கருவியை இச்சங்கீதத்துக்கு எவ்வாறு இசைவித்தனர் என்பதைப் பார்க்கவேண்டும். வியப்புக்குரியது என்னவென்றால், கருவியின் மரவேலையில் ஒன்றையும் மாற்றவில்லை. கிரெமோனாவிற் செய்த வயலினை அப்படியே கையிலெடுத்துத் தோடியும் பைரவியும் வாசிக்கலாம். மாறியவை மூன்று: வாசிப்பவர் இருக்கும் இருக்கை, தந்திகளின் சுருதி, விரல்களின் நடை.

ஐரோப்பியர் நின்றுகொண்டோ நாற்காலியில் இருந்தோ வாசிப்பர். வயலினை இடது தோளுக்கும் மோவாய்க்கும் இடையில் இடுக்கிக்கொள்வர். கருவியின் கழுத்து இடது கையிலே தங்கும். கை ஒரு நிலையில் நின்று நான்கு விரல்களாலும் சுரங்களைத் தொடும். பின்பு அடுத்த நிலைக்கு நகரும். கர்நாடக வித்துவானோ தரையிற் சப்பணமிட்டு இருக்கின்றார். கருவியின் சுருண்ட தலையை வலது பாதத்திற் கணுக்காலருகே ஊன்றுகின்றார். அதன் மறுமுனையை இடது தோளின் கீழே மார்பிற் சாய்த்துக்கொள்கின்றார். இப்போது கருவியைத் தாங்கும் வேலை காலுக்கும் மார்புக்கும் உரியதாகின்றது. இடது கைக்கு அந்தப் பாரம் இல்லை. அது தந்தியின்மேல் மேலுங்கீழும் தடையின்றி வழுக்கிச் செல்லலாம். விரல் இழைந்து செல்வதற்கென்று சிறிது எண்ணெய் தடவிக்கொள்வோரும் உண்டு. மேனாட்டு ஆசிரியர் கண்டால் திடுக்கிடுவார்.

இவ்வழுக்கல் எதற்கு வேண்டும்? கர்நாடக சங்கீதத்தில் சுரம் என்பது ஒரு புள்ளியில் அசையாது நிற்பதன்று. தோடி இராகத்துக் காந்தாரத்தை எடுத்துக்கொள்வோம். அதனைப் பாடகர் நேராகப் பிடித்து நிறுத்தினால் தோடி தோன்றாது. கீழே ரிஷபத்தை நோக்கித் தாழ்ந்தும் மேலே மத்திமத்தை நோக்கி எழுந்தும் அது ஊசலாடவேண்டும். அவ்வூசலிலேதான் இராகத்தின் உயிர் இருக்கின்றது. இதுவே கமகம். வீணையிலே மெட்டுகள் பதிந்துள்ளன; ஆதலால் வைணிகர் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகத்தை எழுப்புவர். வயலினிலே மெட்டே இல்லை. விரலைத் தந்தியில் வைத்து அசைத்தால், குரல் எவ்வாறு அசையுமோ அவ்வாறே ஓசையும் அசையும். ஐரோப்பிய வயலினிலும் விரலை நடுங்கவைக்கும் வழக்கம் உண்டு. ஆனால் அது சுரத்துக்கு மெருகிடுவதற்கான சிறு நடுக்கம். இங்கோ அசைவுதான் சுரம்.

சுருதியிலும் இவ்வாறே ஒரு மாற்றம் நேர்ந்தது. ஐரோப்பிய வயலினின் நான்கு தந்திகளும் ஜி, டி, ஏ, இ என்னும் சுரங்களில் நிற்பன; ஒவ்வொரு தந்திக்கும் அடுத்ததற்கும் உள்ள தொலைவு ஷட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் உள்ள தொலைவே. கர்நாடக முறையில் அவை ச, ப, ச, ப என நிற்கின்றன. அதாவது நடுவிலுள்ள இரு தந்திகளின் இடைவெளி மட்டும் குறைக்கப்பட்டது. இச்சிறு மாற்றத்தால் ஆதார ஷட்ஜமும் பஞ்சமமும் வெறுந்தந்திகளிலேயே ஒலிக்கின்றன. தம்புராவின் நாதத்தோடு அவை கலந்துவிடுகின்றன. அன்றியும், ஐரோப்பிய வாத்தியக் குழுவில் எல்லாக் கருவிகளும் ஒரே சுருதிக்குக் கட்டுப்பட்டவை. இங்கோ பாடகரின் சாரீரம் எதுவோ அதற்கேற்பத் தந்திகள் தளர்த்தப்படுகின்றன, அல்லது முறுக்கப்படுகின்றன.

வில்லின் பயன் வேறோர் திசையில் வெளிப்பட்டது. அதற்கு முன்னர் பாட்டுக்குத் துணைநின்ற தந்திக்கருவி வீணையாகும். வீணையின் தந்தியை மீட்டியவுடன் நாதம் எழுந்து சிறிது சிறிதாகத் தேய்ந்துவிடும். வில் ஓடும்வரை வயலினின் நாதம் தேயாது. மூச்சுள்ளவரை குரல் நிற்பதுபோல நிற்கும். ஆதலால் பாடகருக்கு நிழலாகப் பின்தொடர்வதற்கு வயலினே ஏற்றது என்பதை வித்துவான்கள் விரைவிற் கண்டுகொண்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியுமுன் பக்கவாத்திய இருக்கை முற்றாக அதற்கு உரியதாயிற்று. இதில் ஓர் இழப்பும் உண்டு. அதனை மறைத்தல் முறையன்று. கலைமகள் கையிலுள்ள கருவி பாட்டின் பக்கத்திலிருந்து எழுந்து தனியே போயிற்று. வீணை தனிக்கச்சேரிக் கருவியாக வாழ்ந்தது. ஆயினும் நாள்தோறும் பாட்டோடு உறவாடும் பேற்றினை இழந்தது. வரவேற்கப்பட்ட விருந்தாளிக்காக வீட்டுக்குரியவர் இடம்விட்டு எழுந்த கதை இது.

திருக்கோடிகாவல் கிருஷ்ணையரும் மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளையும் வாசித்த காலத்தில் வயலின் முற்றிலும் உள்நாட்டுக் கருவியாகிவிட்டது. கிருஷ்ணையர் 1913 இலும் பிள்ளையவர்கள் 1931 இலும் மறைந்தனர். அவர்களை அடுத்து வந்த மைசூர் சௌடையாவுக்கு வேறொரு கவலை பிறந்தது. சபைகள் பெருகின, மண்டபங்கள் நிரம்பின, ஒலிபெருக்கியோ இன்னும் வரவில்லை. கடைசி வரிசையில் இருப்பவருக்குப் பாட்டுக் கேட்கும், பிடில் கேளாது. அவர் நான்கு தந்திகளுக்கு மேலும் மூன்று சேர்த்து ஏழு தந்தி வயலினை அமைத்தார். ஓசை பெருகிற்று, அவர் புகழும் பெருகிற்று. பெங்களூரில் 1980 இல் திறக்கப்பெற்ற அவர் நினைவு மண்டபம் வயலின் வடிவிலேயே கட்டப்பட்டுள்ளது. ஆனால் ஏழு தந்தி அவரோடு ஏறக்குறைய நின்றுவிட்டது. ஒலிவாங்கியும் வானொலியும் பரவியபின் மெல்லிய இழைப்பும் கடைசி வரிசையை எட்டிற்று. அதிகத் தந்திகள் வேண்டப்படவில்லை. மரத்தை மாற்றாது கையை மாற்றிய பழைய வழியே நிலைத்தது.

நிழலாக இருப்பதில் ஒரு குறையும் உண்டு. பாடகர் பாடியதைத் திருப்பிச் சொல்வதே கடமையானபின், வயலின் வித்துவானின் சொந்தக் கற்பனைக்கு இடம் சிறிது. துவாரம் வெங்கடசாமி நாயுடு போன்றோர் தனிக்கச்சேரி செய்து அவ்வெல்லையை உடைத்தனர். வயலின் தனித்து நிற்கத்தக்க கருவி என்பதில் அதே உறுதி கொண்டிருந்த இன்னொருவர் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தார். அவர் வி. லட்சுமிநாராயண ஐயர். யாழ்ப்பாணத்தில் இசையாசிரியராகப் பணியாற்றிய காலத்திலே, தம் மைந்தர் வைத்தியநாதன், சுப்பிரமணியம், சங்கர் ஆகியோரை அந்நோக்குடனேயே பயிற்றினார். 1958 ஆம் ஆண்டின் கலவரத்தின் பின் அக்குடும்பம் யாவற்றையும் விட்டு இந்தியாவுக்குத் திரும்ப நேர்ந்தது. பின்னர் சகோதரர் மூவரும் வயலின்களுடன் ஒரே மேடையில் அமர்ந்து கச்சேரி செய்தனர். சுப்பிரமணியமும் சங்கரும் உலகெங்கும் அறியப்பட்டனர். அவ்விரல்கள் முதலிற் பழகிய ஊர்களுள் யாழ்ப்பாணமும் ஒன்று என்பது இங்கு பலருக்கு மறந்துபோயிற்று.

வயலின் திறந்த வாயிலினூடாகப் பிற கருவிகளும் வந்தன. கிளாரினெட்டை ஏ. கே. சி. நடராஜன் நாதசுர மரபுக்கு இசைவித்தார். ஆந்திர நாட்டிற் பிறந்த யூ. ஸ்ரீநிவாஸ் (1969 – 2014) சிறுவயதிலேயே மாண்டலினைக் கையிலெடுத்தார். மாண்டலினில் மெட்டும் உண்டு. நாதமும் விரைவில் அறுந்துவிடும். அவர் இரட்டைத் தந்திகளை ஒற்றையாக்கி, ஐந்து தந்திகள் பூட்டி, மின்விசையால் நாதத்தை நீட்டித்துக்கொண்டார். மைசூர் அரண்மனைப் பாண்டிலே சாக்சபோனைக் கேட்டு மயங்கிய கத்ரி கோபால்நாத் (1949 – 2019) நீண்ட பயிற்சியின்பின் அதனிடமிருந்து கமகத்தைப் பெற்றார். 1994 இல் இலண்டனில் பி.பி.சி. நடத்தும் புரோம்ஸ் இசைவிழாவிலும் வாசித்தார். இவையெல்லாம் ஒரே தேர்வில் தேறியவை. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு அறுபடாமல் இழைந்து செல்ல முடியுமா என்பதே அத்தேர்வு.

அத்தேர்வில் தேறாத கருவியொன்றும் உண்டு. அதன் கதையைச் சொல்லச் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும். பாரிஸ் நகரில் அலெக்சாந்தர் டெபெய்ன் என்பவர் 1842 இற் காப்புரிமை பெற்ற ஆர்மோனியம், பாதிரிமாருடன் இந்தியாவுக்கு வந்தது. காலால் மிதித்துக் காற்றூட்டும் அக்கருவி தரையில் இருந்து பாடுவோருக்கு உதவாது. கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் 1875 ஆம் ஆண்டளவில் அதனைக் கையால் துருத்தி அசைக்கும் சிறு பெட்டியாக்கினார். விலை மலிவு, கற்பது எளிது, மழையானாலும் வெயிலானாலும் அவ்வளவாகச் சுருதி கலையாது. ஊரூராகப் பரவிற்று. இங்கே நேர்ந்தது வயலினுக்கு நேர்ந்ததற்கு எதிர்மாறு. பெட்டியின் உருவத்தை எவ்வளவோ மாற்றினார்கள். அதன் இயல்பை மாற்ற முடியவில்லை. ஸ்தாயியைப் பன்னிரண்டு சமபங்காக வெட்டி, ஒவ்வொன்றையும் ஒரு கட்டைக்குள் அடைத்துவைத்தது அது. ஒரு கட்டைக்கும் மறு கட்டைக்கும் நடுவே ஓசையே இல்லை. தோடியின் காந்தாரம் ஊசலாடும் வெளி அங்கே இல்லாத வெளி.

இதனைக் கண்டித்தவர்களுள் முன்னணியில் நின்றவர் கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. 1909 இல் வெளியிட்ட தேசியக் கட்டுரைகளிலே ஆர்மோனியத்தையும் கிராமபோனையும் சேர்த்தே சாடினார். அகில இந்திய வானொலியில் மேனாட்டு இசைப் பகுதியை நடத்திய ஆங்கிலேயரான ஜோன் போல்ட்ஸ் 1938 இல் ஆர்மோனியத்துக்கு எதிராக எழுதினார். மேனாட்டு இசை வல்லுநர் ஒருவரே மேனாட்டுக் கருவியை விலக்கச் சொன்னது கவனிக்கத்தக்கது. இரவீந்திரநாத் தாகூரும் அக்கருத்தினரே. தமது ஆசிரமத்தில் அப்பெட்டியை அனுமதிக்கவில்லை. 1940 மார்ச் முதலாந் திகதி தொடக்கம் அகில இந்திய வானொலியில் ஆர்மோனியம் விலக்கப்பட்டது. 1971 வரை, முப்பத்தொரு ஆண்டுகள், அத்தடை நீடித்தது. பின்னரும் பக்கவாத்தியமாகவே உட்புக விட்டனர். தனியே வாசிக்க விடவில்லை.

தடையின் நியாயம் கமகத்தைப் பொறுத்தவரையில் மறுக்கமுடியாதது. அதற்காக அப்பெட்டியை இகழ்வதும் தகாது. இரவு முழுதும் விடிய விடிய நடந்த இசைநாடகங்களை அதுவே தாங்கிற்று. ஒலிபெருக்கியில்லாத கொட்டகையில், உச்சக்குரலிற் பாடும் இராஜபார்ட்டுக்கு ஈடுகொடுக்க அதைவிட்டால் வேறு கருவி இல்லை. யாழ்ப்பாணத்திலே நடிகமணி வி. வி. வைரமுத்து அரிச்சந்திர மயான காண்டத்திற் பாடிய பாட்டுகளை ஆர்மோனியம் இன்றி நினைத்துப்பார்க்க இயலுமா? சங்கீத மேடையிற் குறையாகப்பட்டது நாடக மேடையிற் பலமாயிற்று.

கச்சேரி மேடையை விட்டும் அது முற்றாகப் போய்விடவில்லை. தம்புரா கிடையாத இடத்தில் சுருதி கூட்டும் சுருதிப்பெட்டி அதன் உடன்பிறப்பே. மேலும், பாடகரின் சுருதியை வித்துவான்கள் ஒரு கட்டை, இரண்டு கட்டை, ஐந்தரைக் கட்டை என்று எண்ணுகின்றார்கள் அல்லவா? அக்கட்டைகள் ஆர்மோனியத்தின் கட்டைகளே. கமகத்துக்கு உதவாது என்று அப்பெட்டியை ஒதுக்கிய வயலின் வித்துவானும், கச்சேரிக்கு முன் தந்தியை முறுக்கும்போது, ‘இன்று எத்தனை கட்டை?’ என்றுதான் பாடகரைக் கேட்கின்றார்.